வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு தத்துவம் படிப்பது எப்படி: மொழியியலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மொழியியல் படிக்கத் தொடங்குகிறவர்கள் சீக்கிரமே ஓரிடத்தில் திகைத்து நிற்பார்கள். ஒலியனியல், உருபனியல், தொடரியல் வரைக்கும் பேச்சு மொழியைப் பற்றியதாகவே போய்க்கொண்டிருக்கும். சொற்களும் வாக்கியங்களும் தரும் பொருளை ஆராயும் பொருண்மையியல் பாடம் வந்ததும் ஃப்ரேகே, ரஸ்ஸல், டார்ஸ்கி, ஆஸ்டின், கிரைஸ் என்று பெயர்கள் வரிசைகட்டும். இவர்களில் ஒருவர்கூட மொழியியலாளர் இல்லை. முதல் மூவர் கணிதத்திலிருந்து வந்தவர்கள், மற்ற இருவர் ஆக்ஸ்ஃபர்டில் தத்துவம் கற்பித்தவர்கள்.

இவர்களுக்கும் நம் பாடத்துக்கும் என்ன தொடர்பு என்பதைப் பாடநூல்கள் ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு அந்த ஒரு பத்தி போதவில்லை. மூல நூல்களைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. இந்தத் தத்துவவாதிகள் ஒவ்வொருவரும் வாக்கியத்திடம் வந்தது ஏதோ ஒரு வெளிக்காரணத்துக்காக. ஒருவருக்கு எண்கணிதத்துக்கு உறுதியான அடித்தளம் வேண்டியிருந்தது. ஒருவருக்கு இல்லாத பொருள்களைப் பற்றிய குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஒருவருக்குச் சக தத்துவவாதிகள் சாதாரணச் சொற்களைக் கண்டபடி இழுத்தடிப்பது பொறுக்கவில்லை. அந்தத் தேவைக்காக அவரவர் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். காலப்போக்கில் தேவை பின்னால் போய்விட்டது, சோதனை நிலைத்துவிட்டது. 1960களுக்குப் பிறகு மொழியியல் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் அந்தச் சோதனைகளைத்தான். ஆகவே படிக்கும்போது ஒவ்வொரு தத்துவவாதியிடமும் 'இவர் எனக்கு எந்தச் சோதனையைக் கொடுக்கிறார்' என்று கேட்டுக்கொண்டே போனால் வழி தவறாது. கீழே உள்ள படிகளை அப்படித்தான் அமைத்திருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன்

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று வீட்டிலோ பஸ்ஸிலோ உண்மையாகவே காதில் விழுந்த பத்து வாக்கியங்களை அதில் எழுதுங்கள். 'ராமன் ராவணனைக் கொன்றான்' மாதிரி பாடநூல் வாக்கியங்கள் வேண்டாம், அவற்றில் எந்தச் சிக்கலும் தலைகாட்டாது. 'அவன் மட்டும் சாப்பிடவே இல்லையே', 'நீங்களாவது சொல்லியிருக்கலாம்' போன்றவைதான் தேவை. 'மட்டும்', 'ஏ', 'ஆவது', 'லாம்' எல்லாம் நமக்கு வேலை வைக்கிற உருப்படிகள்.

இன்னொரு விஷயம். விட்கன்ஸ்டைனின் 'ட்ராக்டேட்டஸ்' நூலில் தொடங்காதீர்கள். 1921இல் வந்த அந்த நூல் மெலிதானது, எண்ணிட்ட சிறு வாக்கியங்களால் ஆனது. அதனால் எல்லாரையும் போல நானும் அதைத்தான் முதலில் எடுத்தேன், மாதக்கணக்கில் நகரவில்லை. ஃப்ரேகேயும் ரஸ்ஸலும் தெரிந்தவருக்காக எழுதப்பட்டது அது. அவர்களைத் தாண்டிவிட்டு வந்தால் தானாகத் திறக்கும்.

முதல் படி: 'எல்லாரும் வரவில்லை'

கோட்லோப் ஃப்ரேகே ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். எண்கணிதத்தைத் தர்க்கத்திலிருந்தே வருவித்துக் காட்ட வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முயற்சி. சாதாரண ஜெர்மன் மொழியில் நிரூபணங்களை எழுதினால் எங்காவது ஓரிடத்தில் பொருள் நழுவியது. அதனால் 1879இல், 'கருத்தெழுத்து' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறிய நூலை வெளியிட்டு, தானே ஒரு குறியீட்டு முறையைத் தந்தார். எழுவாய், பயனிலை என்று வாக்கியத்தைப் பிளக்கும் பழைய வழியை விட்டுவிட்டு, பள்ளிக் கணக்கில் வரும் சார்பைப் போல அதைப் பார்த்தார். 'தூங்குகிறான்' என்பது ஒரு காலியிடம் உள்ள சார்பு. அதில் 'குமார்' என்று போட்டால் உண்மை, பொய் இரண்டில் ஒன்று விடையாக வரும். ஆனால் 'எல்லா', 'சில' போன்ற சொற்கள் அந்தக் காலியிடத்தில் உட்காரும் பெயர்களாக இல்லை. அவை சார்பின் மேல் நின்று வேலை செய்பவை. அப்படி நிற்கும் சொல்லுக்கு ஓர் ஆளுகை எல்லை உண்டு, அதாவது வாக்கியத்தில் எவ்வளவு பகுதிமேல் அது வேலை செய்கிறது என்ற வரம்பு.

இதைச் சோதிக்கத் தமிழில் அருமையான வாக்கியம் இருக்கிறது: 'கல்யாணத்துக்கு எல்லாரும் வரவில்லை.' இதைக் கேட்டவுடன் என்ன புரிகிறது? ஒருவருமே வரவில்லை என்றும் கேட்கலாம். கொஞ்சம் பேர் வந்தார்கள், கொஞ்சம் பேர் வரவில்லை என்றும் கேட்கலாம். சொற்கள் அவையே, வரிசையும் அதுவே. 'இல்லை' என்பது வெளியே நின்று 'எல்லாரும் வந்தார்கள்' என்ற முழுச் செய்தியை மறுத்தால் ஒரு பொருள். 'எல்லாரும்' வெளியே நின்று, ஒவ்வொருவர் பேரிலும் 'வரவில்லை' என்று சொன்னால் இன்னொரு பொருள். 'ஒவ்வொரு மாணவரும் ஒரு கதை படித்தார்' என்பதிலும் இதே விளையாட்டைப் பார்க்கலாம். எல்லாரும் படித்தது ஒரே கதையா, ஆளுக்கொரு கதையா?

எழுத்தில் தெரியாத இந்த அமைப்பைத் தத்துவவாதிகள் 'தர்க்க வடிவம்' என்றார்கள். ராபர்ட் மே 1977இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எழுதிய ஆய்வேட்டில், 'ஒவ்வொரு' போன்ற தொடர்கள் காதுக்குக் கேட்காத ஒரு நகர்வில் வாக்கியத்தின் மேலே ஏறுகின்றன என்றார். அதற்குப் பின் 'தர்க்க வடிவம்' என்பது, விதிகளால் வாக்கியங்களை ஆக்கிக் காட்டும் நோம் சாம்ஸ்கியின் ஆக்கமுறை இலக்கணத்தில் ஒரு தளத்தின் பெயராகவே ஆகிவிட்டது. நிரூபணத்தைச் சுத்தமாக எழுதப் பிறந்த யோசனை, ஏறத்தாழ நூறு ஆண்டில் தொடரியலின் ஒரு பகுதியாக வந்து சேர்ந்த கதை இது.

இதே படியில் ஃப்ரேகேயின் இன்னொரு யோசனையையும் பார்த்துவிடுங்கள். 1892இல் அவர் எழுதிய கட்டுரை, ஒரு பெயர் சுட்டும் பொருளும் அந்தப் பொருளை அது காட்டும் விதமும் வேறு வேறு என்கிறது. அவர் காட்டும் உதாரணம் விடிகாலையில் தெரியும் வெள்ளியும் அந்தியில் தெரியும் வெள்ளியும். தமிழில் இரண்டு பெயரிலும் 'வெள்ளி' வெளிப்படையாக நிற்பதால் அதிர்ச்சி குறைந்துவிடுகிறது. பொருநை, தாமிரபரணி என்று மாற்றிப் பாருங்கள். 'தாமிரபரணி தாமிரபரணிதான்' என்றால் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. 'பொருநை தாமிரபரணிதான்' என்றால் சிலருக்குச் செய்தி. 'செல்விக்குத் தாமிரபரணி எங்கே ஓடுகிறது என்று தெரியும்' என்பதில் ஆற்றின் பெயரை மாற்றிப் போட்டால் வாக்கியம் பொய்யாகிவிடக்கூடும் என்பதைக் கவனியுங்கள். 'தெரியும்', 'நம்புகிறாள்', 'நினைக்கிறான்' போன்ற வினைகளைப் பற்றிய ஆய்வு முழுக்க இந்த இடத்திலிருந்து கிளம்பியது.

நோட்டில் ஒரு பக்கம் 'உம்', 'ஓ' இரண்டுக்கும் ஒதுக்குங்கள். 'அண்ணனும் தம்பியும்' என்பதில் 'உம்' சேர்க்கிறது, 'எல்லாரும்' என்பதில் அனைத்தையும் அளக்கிறது. 'அண்ணனோ தம்பியோ' என்பதில் 'ஓ' தெரிவைக் காட்டுகிறது, 'யாரோ' என்பதில் 'ஒருவர் இருக்கிறார்' என்கிறது. 'எல்லாரும் வந்தார்கள்' என்பது தர்க்கத்தில் 'இவரும் வந்தார், அவரும் வந்தார்...' என்ற நீண்ட கோவை. 'யாரோ வந்தார்' என்பது 'இவரோ அவரோ...' என்ற நீண்ட கோவை. குறியீட்டில் கற்றுக்கொள்ள வேண்டிய இந்த உறவு நம் விகுதிகளில் கண்ணுக்குத் தெரிகிறது. மலையாளத்தில் இதே விகுதிகளை வைத்து கே.ஏ. ஜெயசீலன் 2001இல் எழுதிய ஆய்வு இன்றும் பேசப்படுகிறது.

இரண்டாம் படி: இல்லாத அரசர்

1905இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஒரு கேள்வி கேட்டார். 'பிரான்சின் தற்போதைய அரசர் வழுக்கைத் தலையர்' என்ற வாக்கியம் உண்மையா, பொய்யா? பிரான்சில் அப்போது அரசரே இல்லை. ரஸ்ஸல் அந்த வாக்கியத்தை மூன்றாகப் பிரித்தார்: அரசர் ஒருவர் இருக்கிறார், ஒருவருக்கு மேல் இல்லை, அவருக்கு வழுக்கை. முதல் பகுதியே பொய் என்பதால் மொத்தமும் பொய்.

1950இல் பி.எஃப். ஸ்ட்ராசன் என்ற தத்துவவாதி இதை மறுத்தார். அப்படி ஒருவர் சொன்னால் நாம் 'பொய்' என்று சொல்லமாட்டோம், 'அங்கே அரசர் ஏது?' என்றுதான் கேட்போம் என்றார். அரசர் இருக்கிறார் என்பது வாக்கியம் சொல்லும் செய்தியாக இல்லாமல், சொல்வதற்கு முன்பே ஒப்புக்கொள்ளப்பட்டதாக நிற்கிறது. மொழியியலில் முன்னனுமானம் என்று இன்று படிப்பது இதைத்தான்.

சோதனை எளிது. 'மாமா சிகரெட்டை விட்டுவிட்டார்' என்று எழுதுங்கள். பிறகு 'மாமா சிகரெட்டை விடவில்லை', 'மாமா சிகரெட்டை விட்டுவிட்டாரா?', 'மாமா சிகரெட்டை விட்டுவிட்டார் என்றால் அத்தைக்கு நிம்மதி' என்று மாற்றுங்கள். மறுத்தாலும், கேட்டாலும், 'என்றால்' போட்டாலும் மாமா முன்பு சிகரெட் பிடித்தார் என்பது மட்டும் அசையாமல் நிற்கிறது. அப்படி அசையாமல் நிற்பது முன்னனுமானம். கூட்டு வாக்கியங்களில் அது எப்போது நிற்கிறது, எப்போது கரைகிறது என்ற கேள்வியை 1970களில் லாரி கார்ட்டுனன் போன்ற மொழியியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதோடு அது தத்துவவாதிகளின் தனிச்சொத்தாக இல்லாமல் போனது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரஸ்ஸலின் பகுப்பாய்வு ஆங்கிலத்தில் 'அந்த ஒருவர்' என்று குறிக்கும் 'the' என்ற சுட்டிடைச்சொல்லின் மேல் நிற்கிறது. தமிழில் அப்படி ஒரு சொல் கிடையாது. 'புத்தகம் வாங்கினேன்', 'புத்தகத்தை வாங்கினேன்' இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டாவதைக் கேட்பவர் 'எந்தப் புத்தகம்?' என்று ஏற்கெனவே அறிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் சுட்டிடைச்சொல் செய்வதில் ஒரு பங்கை நம் 'ஐ' உருபு செய்கிறது. ரஸ்ஸல் சொன்னதை அப்படியே தமிழுக்கு ஒட்டவைக்க முயலாமல், அவர் கேட்ட கேள்வியை மட்டும் தமிழிடம் கேளுங்கள்.

மூன்றாம் படி: சின்ன யானை, முன்னாள் அமைச்சர்

இந்தப் படியில் நின்று நிதானமாகப் போங்கள். தத்துவத்திலிருந்து மொழியியலுக்கு வந்த பாதையில் மிக முக்கியமான திருப்பம் இங்கேதான்.

முன்பு கேட்டேயிராத ஒரு வாக்கியம் நமக்கு எப்படிப் புரிகிறது? சொற்களின் பொருளும் அவை சேர்ந்திருக்கும் விதமும் தெரிந்தால் முழுவதன் பொருளைக் கணக்கிட்டுவிடலாம் என்பது ஃப்ரேகேயின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கொள்கை. கேட்க எளிது. செய்து பார்த்தால்தான் கடினம் தெரியும். 'சிவப்புப் பை' என்றால் சிவப்பானவற்றின் கணமும் பைகளின் கணமும் வெட்டிக்கொள்ளும் இடம். சரி. 'சின்ன யானை'? சின்னவற்றின் கணத்தில் யானையைப் போட முடியுமா? மிகச் சின்ன யானையும் பெரிய பூனையைவிடப் பெரிது. 'முன்னாள் அமைச்சர்' இப்போது அமைச்சரே இல்லை. 'கள்ள நோட்டு'? ஒரே பெயரடை இடத்தில் மூன்று நான்கு விதமான வேலை நடக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே கணக்கீட்டு விதியை எப்படி எழுதுவது?

அதற்கான கருவி வார்சாவில் பிறந்தது. ஆல்ஃப்ரெட் டார்ஸ்கி 1933இல் போலிஷ் மொழியில், உண்மை என்பதைக் கணித மொழிகளுக்கு எப்படி வரையறுப்பது என்று காட்டினார். '"பனி வெண்மையானது" என்ற வாக்கியம் உண்மையாவது பனி வெண்மையாக இருந்தால் மட்டுமே' என்ற புகழ்பெற்ற வடிவம் அவருடையது. முதல் பார்வைக்கு இது ஒன்றுமே சொல்லாதது போலத் தெரியும். மொழிக்குள் இருக்கும் வாக்கியத்தையும் உலகின் நிலையையும் விதிவாரியாக இணைக்க முடியும் என்பதே அதன் பலம். ஆனால் இயல்பான பேச்சு மொழிக்கு இதைச் செய்ய முடியாது என்று டார்ஸ்கியே நினைத்தார். 1939இல் அவர் அமெரிக்கா போயிருந்தபோது போர் மூண்டதால் அங்கேயே தங்கி, பிறகு பெர்க்லியில் பேராசிரியர் ஆனார்.

அங்கே அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர் ரிச்சர்ட் மாண்டேகு. ஆசிரியர் முடியாது என்றதை மாணவர் செய்யத் துணிந்தார். இயல்பு மொழிக்கும் தர்க்க மொழிக்கும் கோட்பாட்டளவில் முக்கியமான வேறுபாடு எதுவும் இல்லை என்று 1970இல் துணிந்து எழுதினார். அவர் செய்த ஒரு காரியத்தைப் புரிந்துகொண்டால் போதும், மற்றது பின்னால் வரும். 'குமார் தூங்குகிறான்', 'ஒவ்வொரு பையனும் தூங்குகிறான்' என்ற இரண்டையும் பாருங்கள். இலக்கணத்தில் இரண்டுக்கும் ஒரே எலும்புக்கூடு. ஃப்ரேகே, ரஸ்ஸல் வழியில் குறியீடாக மாற்றினால் இரண்டும் அடையாளமே தெரியாமல் பிரிந்துவிடும். அதனால்தான் இலக்கணம் நம்மை ஏமாற்றுகிறது என்று ரஸ்ஸல் போன்றவர்கள் நம்பினார்கள். மாண்டேகு, 'குமார்' என்பதையும் 'ஒவ்வொரு பையனும்' என்பதையும் ஒரே வகைப் பொருளாக ஆக்கினார். 'குமார்' என்றால் குமாருக்கு உள்ள பண்புகளின் கணம். 'ஒவ்வொரு பையனும்' என்றால் பையன்கள் எல்லாருக்கும் பொதுவாக உள்ள பண்புகளின் கணம். தூங்குவது அந்தக் கணத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. இலக்கணம் யாரையும் ஏமாற்றவில்லை. கண்ணுக்குத் தெரியும் அமைப்பையே பின்பற்றிப் பொருளைக் கணக்கிடலாம். தொடரியல் படிப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன?

மாண்டேகு 1971இல், நாற்பது வயதில், லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டில் கொலையுண்டார். மிக முக்கியமான கட்டுரை 1973இல்தான் அச்சில் வந்தது. அந்தக் கட்டுரைகளை அப்படியே படித்தால் மொழியியலாளர் யாரும் இரண்டு பக்கம் தாண்டியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். தாண்ட வைத்தவர் பார்பரா பார்ட்டி. சாம்ஸ்கியிடம் படித்தவர், லாஸ் ஏஞ்சலிஸில் மாண்டேகுவோடு ஒரே பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். இரண்டு பக்கமும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்றே சொல்லலாம். 1972இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்துக்குப் போய், மாண்டேகுவின் முறையை ஆக்கமுறை இலக்கணத்தோடு பொருத்திக் காட்டினார். முறையான பொருண்மையியல் என்று இன்று பாடத்திட்டத்தில் இருப்பது அந்த உழைப்பின் விளைவு. ஒரு துறையை நிறுவியவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் மாண்டேகுவோடு பார்ட்டியின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு வாக்கியம்: 'கழுதை வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயியும் அதை அடிக்கிறான்.' 'அது' எந்தக் கழுதை? குறிப்பிட்ட ஒன்று இல்லை, ஆளுக்கொன்று. ஃப்ரேகேயின் எல்லைக் கணக்கில் அந்த 'அது' வெளியே நிற்கிறது, ஆனாலும் நமக்குப் புரிகிறது. பீட்டர் கீச் என்ற தத்துவவாதி 1962இல் மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்த இந்தப் புதிரை, 1981இல் ஹான்ஸ் காம்ப்பும் 1982இல் ஆம்ஹெர்ஸ்ட் ஆய்வேட்டில் ஐரீன் ஹைமும் தனித்தனியாக அவிழ்த்தார்கள். வாக்கியத்தின் பொருள் என்பது பேச்சின் நிலையை மாற்றும் ஒரு செயல் என்ற புதிய பார்வை அங்கிருந்து பிறந்தது.

நான்காம் படி: பஸ் கிளம்பியிருந்தது

இங்கே மூன்று சிறு சோதனைகள்.

'நான் போனபோது பஸ் கிளம்பியது', 'நான் போனபோது பஸ் கிளம்பியிருந்தது.' முதலாவதில் ஓடிப்போய் ஏறியிருக்கலாம், இரண்டாவதில் முடியாது. ஹான்ஸ் ரைஷன்பாக் என்ற அறிவியல் தத்துவவாதி 1947இல் காலத்தை மூன்று புள்ளிகளாகப் பிரித்தார்: பேசும் நேரம், நிகழ்ச்சியின் நேரம், எங்கிருந்து பார்க்கிறோமோ அந்த நேரம். 'நான் போனபோது' என்பது மூன்றாவது புள்ளி. 'இரு' என்ற துணைவினை நிகழ்ச்சியை அந்தப் புள்ளிக்கு முன்னால் தள்ளுகிறது. காலம் பற்றிய மொழியியல் நூல் எதைத் திறந்தாலும் இந்த மூன்று புள்ளிகள் இருக்கும்.

'ஒரு மணி நேரம் நடந்தேன்' என்று சொல்கிறோம். 'ஒரு மணி நேரத்தில் கடிதத்தை எழுதி முடித்தேன்' என்கிறோம். உருபை இடம் மாற்றினால் இரண்டும் கெடும். ஸீனோ வெண்ட்லர் 1957இல் வினைகளை நிலை, நடந்துகொண்டே இருக்கும் செயல், முடிவை நோக்கிப் போகும் செயல், சட்டென நிகழ்வது என நான்காகப் பிரித்தார். உங்கள் பத்து வாக்கியங்களின் வினைகளையும் 'ஒரு மணி நேரம்', 'ஒரு மணி நேரத்தில்' இரண்டோடும் சேர்த்துப் பாருங்கள், வகை தானே பிரியும்.

மூன்றாவது: 'குமார் நேற்று ராத்திரி சமையலறையில் கத்தியால் மெதுவாகத் தேங்காய் கீறினான்.' இதில் 'மெதுவாக'வை எடுங்கள், 'கத்தியால்' எடுங்கள், எதை எடுத்தாலும் மிச்சம் உண்மையாகவே இருக்கும். ஏன்? டொனால்ட் டேவிட்சன் 1967இல் சொன்ன விடை, வாக்கியத்துக்குள் 'ஒரு நிகழ்ச்சி' மறைந்திருக்கிறது என்பது. அது ராத்திரி நடந்தது, அது சமையலறையில் நடந்தது, அது கத்தியால் நடந்தது. மனிதச் செயல்களுக்குக் காரணம் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தவர் தந்த இந்த யோசனை, வினையடைகள் பற்றிய இன்றைய ஆய்வின் அடித்தளம்.

கூடவே 'லாம்' விகுதியையும் பார்த்துவிடுங்கள். 'மழை வரலாம்' என்பது வாய்ப்பு, 'நீ போகலாம்' என்பது அனுமதி. இரண்டு 'லாம்' இருக்கிறதா? ஆங்கிலிகா கிராட்சர் 1977இல் காட்டியபடி பார்த்தால் ஒன்றுதான். 'எதை வைத்துப் பார்க்கும்போது' என்பதைச் சூழல் நிரப்புகிறது: வானத்தை வைத்துப் பார்த்தால், அப்பா போட்ட சட்டத்தை வைத்துப் பார்த்தால். இதற்கு அவர் பயன்படுத்தியது கார்னப், கிரிப்கி, லூயிஸ் போன்ற தத்துவவாதிகள் வளர்த்த சாத்திய உலகங்கள் என்ற கருவியை, அதாவது நிலைமை வேறு எப்படியெல்லாம் இருக்கக்கூடும் என்பதை ஒவ்வோர் உலகமாக எண்ணிப் பார்க்கும் முறையை.

ஐந்தாம் படி: 'ரசம் நன்றாக இருந்தது'

இதுவரை பார்த்தவர்கள் குறியீட்டை நம்பியவர்கள். ஆக்ஸ்ஃபர்டில் ஜே.எல். ஆஸ்டின் எதிர்த்திசையில் போனார். சனிக்கிழமை காலைகளில் சக ஆசிரியர்களைக் கூட்டிவைத்துச் சாதாரணச் சொற்களின் நுணுக்கங்களைப் பேசுவது அவர் வழக்கம். மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசிப் பேசி வைத்திருக்கும் வேறுபாடுகள், ஒரு தத்துவவாதி மதியப்பொழுதில் நாற்காலியில் உட்கார்ந்து உண்டாக்கும் வேறுபாடுகளைவிட நம்பத்தகுந்தவை என்பது அவர் கருத்து. 'கைதவறிப் போட்டுவிட்டேன்', 'தெரியாமல் போட்டுவிட்டேன்' இரண்டும் மன்னிப்புக் கேட்பவைதான். ஆனால் எந்தச் சந்தர்ப்பத்தில் எதைச் சொல்வீர்கள் என்று எழுதிப் பாருங்கள், ஆஸ்டினின் முறை கைக்கு வந்துவிடும்.

1955இல் ஹார்வர்டில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகள், அவர் 1960இல் இறந்த பிறகு, 1962இல் நூலாயின. சில வாக்கியங்கள் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, சொல்வதே செயல் என்றார். 'மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்' என்று சொல்லாமல் வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது? இதைக் கண்டுபிடிக்க அவர் தந்த சோதனைகளில் ஒன்று, 'இதன் மூலம்' என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்க்க முடிகிறதா என்று பார்ப்பது. நமக்கு அது தண்டோராவிலேயே இருக்கிறது: 'இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்...' அந்த 'இதனால்' தான் ஆஸ்டினின் சோதனை. அவருக்குப் பின் ஜான் சர்ல் 1969இல் இதை முறைப்படுத்தினார். 'கொஞ்சம் தள்ளி உட்கார முடியுமா?' என்பது கேள்வி வடிவத்தில் வரும் வேண்டுகோள் என்பதை அவர் எழுத்துகளில் விரிவாகப் பார்க்கலாம்.

அப்புறம் பால் கிரைஸ். 'சாப்பாடு எப்படி இருந்தது?' என்று கேட்டதற்கு 'ரசம் நன்றாக இருந்தது' என்கிறார் ஒருவர். மற்றது நன்றாக இல்லை என்று அவர் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. 1967இல் ஹார்வர்டில் கிரைஸ் நிகழ்த்திய சொற்பொழிவுகள் இதற்கு விளக்கம் தந்தன. பேசுபவர்கள் ஒத்துழைக்கிறார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். தேவையான அளவு சொல்வார்கள், உண்மையைச் சொல்வார்கள், பொருத்தமாகச் சொல்வார்கள், தெளிவாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறோம். ரசத்தோடு நிறுத்தியது அளவுக்குக் குறைவு. அப்படியானால் மிச்சத்தைச் சொல்ல அவருக்கு மனமில்லை என்று கணக்குப் போடுகிறோம். தட்டச்சுப் பிரதிகளாகக் கைமாறிக்கொண்டிருந்த அந்தச் சொற்பொழிவுகளில் ஒன்று 1975இல் அச்சானது.

கிரைஸ் தரும் சோதனை நீக்கிப் பார்ப்பது. 'சில மாணவர்கள் தேறினார்கள்' என்றால் எல்லாரும் தேறவில்லை என்று புரிகிறது. ஆனால் 'சிலர் என்ன, எல்லாருமே தேறிவிட்டார்கள்' என்று முரண்பாடு இல்லாமல் தொடரலாம். ஆகவே 'எல்லாரும் இல்லை' என்பது சொல்லின் பொருளில் இல்லை, பேச்சிலிருந்து எழுந்தது. லாரன்ஸ் ஹார்ன் 1972இல் எழுதிய ஆய்வேடு இந்த இழையைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனது. இப்படிப் பேச்சிலிருந்து எழும் பொருளை நான் குறிப்புப்பொருள் என்று சொல்வது வழக்கம். தொல்காப்பியம் பொருண்மை நிலையைத் 'தெரிபு வேறு நிலையலும்' 'குறிப்பின் தோன்றலும்' என இரண்டாகப் பிரிக்கிறது. கிரைஸுக்கும் அதற்கும் வரலாற்றுத் தொடர்பு கிடையாது, ஆனால் தமிழில் படிப்பவருக்கு 'குறிப்பு' என்ற சொல் ஏற்கெனவே கையில் இருப்பது பெரிய வசதி.

தமிழுக்கு உண்மையான தொடர்பு ஒன்று இதே பாதையில் இருக்கிறது. மரியாதை பற்றிய பெனலோபி பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் கோட்பாடு கிரைஸின் மேல்தான் கட்டப்பட்டது. நேராகச் சொல்வதை விட்டு ஏன் சுற்றிச் சொல்கிறோம் என்பதே அவர்கள் கேள்வி. 1978இல் முதலில் வெளிவந்து 1987இல் தனி நூலான அந்த ஆய்வு சார்ந்திருந்த மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்டால், தமிழ். தமிழுக்கான தரவு கோவை மாவட்டக் கிராமம் ஒன்றில் லெவின்சன் திரட்டியது. அங்கே யார் யாரை 'நீ' என்கிறார்கள், யாரை 'நீங்கள்' என்கிறார்கள் என்பது உலகெங்கும் படிக்கப்படும் கோட்பாட்டுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதே லெவின்சன் 1983இல் எழுதிய, பேசும் சூழலால் வரும் பொருளைப் பற்றிய சூழற்பொருளியல் பாடநூலின் முக்கியத் தலைப்புகள்: சுட்டு ('நான்', 'இங்கே' போன்றவை), குறிப்புப்பொருள், முன்னனுமானம், பேச்சுச்செயல், உரையாடல் அமைப்பு. முதல் நான்கும் தத்துவவாதிகள் கிளப்பியவை. கடைசி ஒன்று மட்டும் சமூகவியலிலிருந்து வந்தது.

விட்கன்ஸ்டைனை இப்போது எடுக்கலாம், ஆனால் 1953இல் வந்த பிற்கால நூலை. விளையாட்டு என்று நாம் சொல்பவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரே அம்சம் உண்டா என்று அதில் கேட்கிறார். பல்லாங்குழி, கிரிக்கெட், குழந்தை தனியாகப் பந்தைச் சுவரில் எறிவது என்று அடுக்கிப் பாருங்கள். ஒரு குடும்பத்தில் மூக்கு ஒருவரோடும் நடை ஒருவரோடும் ஒத்துப்போவது போன்ற சாயல்தான் கிடைக்கும். உளவியலாளர் எலினார் ராஷ் 1970களில் இதைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோனார். அதன் வழியாக, மொழியை மனம் உலகை அறியும் விதத்தோடு சேர்த்துப் பார்க்கும் அறிதல்சார் மொழியியல் இதைப் பெற்றது.

ஆறாம் படி: மறுப்பையும் படியுங்கள்

எல்லா மொழியியலாளரும் இந்தக் கொடையைக் கைநீட்டி வாங்கவில்லை. நோம் சாம்ஸ்கி பென்சில்வேனியாவில் நெல்சன் குட்மன் என்ற தத்துவவாதியிடம் படித்தவர், ஹார்வர்டில் குவைன் என்ற தத்துவவாதியின் அருகில் இருந்தவர். விதிகளால் வாக்கியங்களை ஆக்கும் முறை பற்றிய அவர் சிந்தனை தர்க்கத்தின் சூழலில் வளர்ந்தது. ஆனாலும் 1954இல் யெஹோஷுவா பார்-ஹில்லல் என்ற தத்துவவாதி, தர்க்கவாதிகளின் பொருண்மையியலை மொழியியல் ஏற்க வேண்டும் என்று எழுதியபோது, அடுத்த ஆண்டே சாம்ஸ்கி அதை மறுத்தார். தர்க்கவாதிகளின் செயற்கை மொழிகள் இயல்பு மொழியைப் பற்றி அதிகம் கற்றுத்தராது என்பது அவர் வாதம். பின்னாளில் சொற்கள் உலகப் பொருள்களை நேராகச் சுட்டுகின்றன என்பதையே சந்தேகித்தார். 'லண்டன்' என்பது இடமா, மக்களா, கட்டடங்களா? முழுக்க அழிந்து வேறோர் இடத்தில் மறுபடி கட்டப்பட்டாலும் அது லண்டன்தான் என்றால், அந்தச் சொல் சுட்டும் பொருள் எது?

குவைன் 1960இல், அறியாத மொழிக்காரர் முயலைக் காட்டி 'கவகாய்' என்றால் அது முயலா, முயலின் பகுதியா என்று நடத்தையை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது என்றார். சாம்ஸ்கி, எந்த அறிவியலிலும் சான்று கோட்பாட்டை முழுக்கத் தீர்மானிப்பதில்லை, இதில் மொழிக்கென்று தனிச்சிக்கல் என்ன என்று திருப்பிக் கேட்டார். என் சாய்வு இந்த ஒரு விஷயத்தில் சாம்ஸ்கி பக்கம். சுட்டுதல் பற்றிய விவாதத்தில் எனக்கு இன்னும் முடிவு எட்டவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் மறுப்பைப் படிக்காமல் மாண்டேகுவை மட்டும் படித்தால், இந்த முறையில் எது கண்டுபிடிப்பு, எது வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போய்விடும்.

ஏழாம் படி: மூலத்தைப் படிக்கும் வரிசை

கிரைஸின் 1975 கட்டுரையில் தொடங்குங்கள். குறியீடே இல்லை, இரண்டு மாலையில் முடியும். அடுத்து ஆஸ்டினின் சொற்பொழிவுகள். பிறகு ஸ்ட்ராசன், அதற்குப் பின் ரஸ்ஸல். வரலாற்று வரிசை தலைகீழாகிறது, பரவாயில்லை. ஸ்ட்ராசனைப் படித்த பிறகு ரஸ்ஸலின் கடினமான பத்திகள் எதற்காக எழுதப்பட்டவை என்று விளங்கும். பிறகு ஃப்ரேகேயின் 1892 கட்டுரை, டேவிட்சனின் 1967 கட்டுரை. மாண்டேகுவை நேரடியாகத் தொடாதீர்கள். ஹைமும் கிராட்சரும் 1998இல் எழுதிய பாடநூலில் முதல் ஐந்து அத்தியாயங்களைப் பயிற்சிகளோடு முடித்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு நூலிலும் ஆங்கில உதாரணம் வரும்போதெல்லாம் நிறுத்தி, நோட்டில் உள்ள தமிழ் வாக்கியத்தில் சோதனையைச் செய்யுங்கள். பொருந்தாத இடம் வந்தால் அந்தப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். ஆய்வுக்கான தலைப்பு அங்கிருந்துதான் கிடைக்கும்.

கடைசியாக, தத்துவவாதிகள் பெரும்பாலும் தங்கள் காதை மட்டுமே நம்பினார்கள். மொழியியலாளர் அடுத்தவரிடமும் கேட்க வேண்டும். 'கல்யாணத்துக்கு எல்லாரும் வரவில்லை' என்ற வாக்கியத்தை இந்த வாரம் பத்து பேரிடம் சொல்லிப் பாருங்கள். பொருள் என்ன என்று கேட்காதீர்கள், கேட்டால் யோசித்துப் பதில் சொல்வார்கள். 'அப்படியானால் சாப்பாடு மிஞ்சியிருக்குமா, எவ்வளவு மிஞ்சியிருக்கும்?' என்று கேளுங்கள். கொஞ்சம் என்பவர் எந்தப் பொருளைக் கேட்டார், முழுக்க என்பவர் எந்தப் பொருளைக் கேட்டார் என்று தெரிந்துவிடும். 'எல்லாரும்' மேல் அழுத்தம் கொடுத்து ஐந்து பேரிடமும், அழுத்தாமல் ஐந்து பேரிடமும் சொல்லி, பதிலோடு அவர்கள் ஊரையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.